ஒரு கை மட்டும் தைத்த சட்டை

மகன்,

வேலை கிடைத்துவிட்டது என்று நீ சொன்னபோது நான் சந்தோஷமாகத்தான் கதைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் என்ன வேலை என்று நீ விளக்கத் தொடங்கியதும் என் குரல் இறங்கிப் போனதை நீ கவனித்திருப்பாய். நாடு இரண்டாகப் பிரிந்தபோது எல்லை தாண்டி ஓடியவர்கள், போரில் வீடு இழந்தவர்கள், இரவோடிரவாக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் என்று உலகம் முழுவதிலுமிருந்து லண்டன் வந்து சேர்ந்த சனத்தின் பொருட்களையும் நினைவுகளையும் சேர்த்து வைக்கும் நூதனசாலை என்றாய். வீடு வீடாகப் போய் அந்தப் பொருட்களைக் கேட்டு வாங்குவதும், அவற்றுக்குக் கீழே வைக்கும் விளக்கங்களை எழுதுவதும்தான் உன் வேலை என்றாய். "அம்மா, நீங்களும் ஒருக்கா இப்பிடி ஒண்டில வேலை செய்தனீங்கள்தானே? என்ன நடந்தது எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை" என்று கேட்டாய். நான் "அது சரிவரேல்லை" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். இந்த நாட்களில் கொழும்பில் தொலைபேசியில் எதையும் முழுதாகக் கதைக்க முடியாது. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். அங்கே வருகிற ஒருவரின் கையில் கொடுத்துவிடுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள். நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது, அதை மறைத்து இனிமையாக எழுத என்னால் முடியாது.

முதலில் உன்னைப் பற்றியே ஒன்று சொல்கிறேன். நீயும் ஒரு காலம் காட்சிப் பொருளாக இருந்தவன்தான். தமிழருக்கு எதிரான கலவரத்தில் சிங்களக் காடையர் நம்முடைய வெள்ளவத்தை வீட்டை எரித்தபோது நீ கைக்குழந்தை. நானும் அப்பாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு பின் மதிலால் ஏறிக் குதித்து, கடைசியில் அகதி முகாமாக்கப்பட்டிருந்த ஒரு பாடசாலை மண்டபத்தில் போய் விழுந்தோம். அங்கே நாலு பக்கமும் அழுகையும் வாந்தியும். ஒரு நாள் நல்ல சாறி கட்டிய சில பெண்கள் பிஸ்கட் பெட்டிகளோடு வந்தார்கள். கூடவே கமராவோடு ஒருவன். அப்பா கையைக் காட்டி, "படம் வேண்டாம், பிள்ளைக்குச் சுகமில்லை" என்றார். அவன் சிரித்துக்கொண்டே எடுத்தான். சில நாட்களில் அந்தப் படம் பத்திரிகையில் வந்தது: "தாயின் அரவணைப்பில் பசியாறும் அகதிக் குழந்தை". நீ பசியாறவில்லை, மகன். உனக்கு வயிற்றோட்டம். நான் உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டியால் உன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன், அது திரும்ப வெளியே வந்துகொண்டிருந்தது. அப்பா அந்தப் பத்திரிகையைச் சுருட்டி எறிந்துவிட்டு, "எங்களை எரிச்சவங்களிலும் பார்க்க இவங்களில எனக்கு அருவருப்பு" என்றார். கோபத்தில் சொன்ன கணக்கு அது, சரியான கணக்கில்லை. ஆனாலும் ஒரு படத்துக்குக் கீழே எழுதப்படும் ஒரு வரி என்ன செய்யும் என்பதை அன்றுதான் நான் கண்டேன்.

போர்நிறுத்தம் வந்த காலத்தில் நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய். அப்பா காலமாகிவிட்டார். புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, கொட்டாஞ்சேனை வீட்டில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஊரெல்லாம் சமாதானம் என்ற பேச்சு. வெளிநாட்டுத் தூதரகங்கள் சமாதானத்துக்கென்று எதைக் கேட்டாலும் கொடுத்தன. அப்படித்தான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய மாடி வீட்டை எடுத்து, போரினாலும் கலவரங்களினாலும் வீடிழந்தவர்களுக்கு ஒரு நினைவு இல்லம் அமைக்கப் போகிறோம் என்று வந்தார்கள். அதன் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு வழக்கறிஞர். எல்லாரும் லோயர் ஐயா என்பார்கள். புதுக்கடையில் எத்தனையோ வழக்கில் அவருடைய சாட்சிகளுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, மூண்டு பாஷையும் உம்மைப் போல ஆர் எழுதப் போகினம்? வந்து உதவி செய்யும்" என்றார். சனத்தின் வீடுகளுக்குப் போய் அவர்களின் கதையைக் கேட்பது, பொருளைப் பெறுவது, விளக்கத்தை மூன்று மொழியிலும் எழுதுவது. இப்போது உனக்குக் கிடைத்திருக்கிற அதே வேலை.

நான் முதலில் கொடுத்தது அப்பாவின் தட்டச்சுப் பொறியை. எரிந்த வீட்டிலிருந்து அவர் தோண்டி எடுத்தது அது. எழுத்துகள் எல்லாம் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கட்டியாக இருந்தது. நான் எழுதிய விளக்கம் ஒரே வரி: "கலவரத்தில் காடையர் கூட்டம் எரித்த வீட்டிலிருந்து." இல்லத்தை நடத்திய குழுவில் அரசாங்க அமைச்சு அனுப்பிய ஒருவர் இருந்தார். அவர் அந்த வரியைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த கிழமை வரி மாறியிருந்தது: "தீயினால் சேதமடைந்த தட்டச்சுப் பொறி." அடுப்பிலிருந்து பொறி பறந்து எரிந்த வீடு மாதிரி. நான் லோயர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். "சமநிலை வேணும், தங்கச்சி. இது எல்லாரும் வந்து பார்க்கிற இடம்" என்றார். சமநிலை என்ற அந்தச் சொல்லை அந்த மாதங்களில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! கொழுப்பு உறைந்த கறிச்சட்டியைக் கழுவாமல் மூடி வைப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஆனால் அது என் வீட்டுப் பொருள். என் வாயை நானே மூடிக்கொள்ளலாம் என்று விட்டேன். மற்றவர்களின் பொருளில் கை வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சரீனாவைப் பார்க்க மாளிகாவத்தை மாடி வீடுகளுக்குப் போனது அதற்குப் பிறகு. சரீனா யாழ்ப்பாணத்து முஸ்லிம். அங்கே தையல் வேலை செய்தவள். துப்பாக்கி ஏந்திய தமிழ் இயக்கப் பொடியள் அவர்கள் சனம் முழுவதையும் ஊரைவிட்டுத் துரத்தியபோது புத்தளத்துக்குப் போய், ஆண்டுக்கணக்காகக் கிடுகுக் கொட்டிலில் இருந்து, கணவன் அங்கேயே காய்ச்சலில் இறந்த பிறகு கொழும்புக்கு வந்து ஒரு சொந்தக்காரியோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். என் வயதுதான். நான் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கதைத்ததும் அவள் முகம் மலர்ந்தது. நான் முஸ்லிம் இல்லை, தமிழ் என்று கண்டதும் அதே முகம் சுருங்கியது. இரண்டையும் ஒரே நிமிஷத்தில் பார்த்தேன். தேத்தண்ணி தந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், "எங்களிட்ட என்ன இருக்குது குடுக்க? எல்லாத்தையும் வழியில பறிச்சுப் போட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழும்பிப் போய்த் தலையணைக்குக் கீழிருந்து ஒரு பொட்டலம் கொண்டு வந்தாள். அதற்குள் மருதாணிச் சிவப்பில் ஒரு சாறிச் சட்டை. ஒரு கை தைத்திருந்தது. மற்றக் கை வெட்டியபடி, குண்டூசியால் உடம்போடு பொருத்தியிருந்தது. ஊசிகள் துருவேறித் துணியில் பழுப்புப் புள்ளி வைத்திருந்தன.

"பக்கத்து ஒழுங்கை டீச்சரின்ர மகளுக்குக் கலியாணச் சட்டை" என்றாள். "அண்டைக்கு மத்தியானம் அதைத்தான் தைச்சுக் கொண்டிருந்தனான். அடுப்பில சோறு. எல்லாரும் மைதானத்துக்கு வாங்கோ எண்டு லவுட்ஸ்பீக்கர்ல சொல்லிக் கொண்டு போறாங்க. ஏதோ கூட்டமாக்கும் எண்டு போனம். ஊரை விட்டுப் போங்கோ எண்டாங்க. திரும்ப வீட்டுக்கு ஓடி, கையில அகப்பட்டதை அள்ளினதில இதுவும் வந்திட்டுது. வழியில சோதினை. ஒரு பொம்பிளைப் பிள்ளை, என்ர மகளின்ர வயசிருக்கும், துவக்கோட. காதில கிடந்ததைக் கழட்டச் சொன்னா. நல்ல உடுப்பெல்லாம் எடுத்தா. இதை விரிச்சுப் பார்த்திட்டு, 'முடிக்காத சட்டை எனக்கென்னத்துக்கு' எண்டு முகத்தில எறிஞ்சா."

"ஏன் இவ்வளவு காலமும் வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மற்ற ஆக்களின்ர துணியெல்லே? நான் வேலையை ஏற்றுக்கொண்டனான். அந்தப் பிள்ளை எங்க இருக்குதோ தெரியாது. வேற ஒருத்திக்கு முடிச்சுக் குடுக்கேலாது, எறியவும் ஏலாது."

அவள் அதைத் தர விரும்பவில்லை, மகன். இரண்டு மூன்று தரம் போய்க் கதைத்துத்தான் சம்மதித்தாள். "உங்கட ஆக்கள் எங்களைத் துரத்தினதை உங்கட ஆக்களே எழுதுவினமா?" என்று கேட்டாள். எழுதுவோம், நானே எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நம்பிக்கையில்தான் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

குழுவில் அந்தச் சட்டையைப் பார்த்ததும் எல்லாரும் உருகிப் போனார்கள். காட்சிகளை ஒழுங்கு செய்ய தில்ருக்ஷி என்று ஒரு சிங்களப் பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, எதைக் கேட்டாலும் கண் கலங்கும். "அனே அன்ரி, இதுதான் எங்கட நூதனசாலையின்ர இதயம்" என்று சிங்களத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். லோயர் ஐயா சட்டையைத் தூக்கிப் பிடித்து, "முஸ்லிம் பிள்ளை ஒண்டு தமிழ்ப் பிள்ளையின்ர கலியாணச் சட்டையைக் காவிக் கொண்டு திரிஞ்சிருக்கு. இதிலும் பார்க்க ஒற்றுமைக்கு என்ன சாட்சி?" என்றார். நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் யார் துரத்தினார்கள், எப்படி, காதிலிருந்து எதைக் கழற்றினார்கள் எல்லாம் இருந்தது. திரும்பி வந்த விளக்கத்தில் இப்படி இருந்தது: "அயலவளின் அன்பு. யாழ்ப்பாணத்து முஸ்லிம் சகோதரி ஒருவர், இடம்பெயர்ந்தபோதும் தம் தமிழ்த் தோழியின் மணச்சட்டையைப் பிரியாது சுமந்து வந்தார்."

"இடம்பெயர்ந்தபோதும் எண்டா என்ன, ஐயா? அவையாக வெளிக்கிட்டு வந்தவையோ?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, நீர் படிச்சனீர். வெளிநாட்டுக்காரர் வாசிக்கப் போகினம். எங்கட சனத்தைப் பற்றி என்ன நினைப்பினம்? எல்லாத்துக்கும் காலம் இருக்கு."

"என்ர தட்டச்சுப் பொறிக்கும் இதைத்தானே அமைச்சு ஆள் சொன்னவர்?"

"அது வேற, இது வேற" என்றார் அவர்.

அந்த இடத்தில்தான் எனக்கு அருவருத்துப் போனது. அமைச்சு ஆளில் எனக்கு இருந்தது வெறும் கோபம். அவன் தன் வேலையைச் செய்கிறான். ஆனால் எரிந்த வீட்டிலிருந்து ஓடி வந்தவர்கள், தங்கள் கதையை ஒரு வரி குறைத்தாலும் குய்யோ முறையோ என்று கத்துகிறவர்கள், இன்னொருத்தியின் கதையை உட்கார்ந்து வெட்டும்போது கத்தரிக்கோல் எவ்வளவு சாதாரணமாக ஓடியது! அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவராவது மறுத்துப் பேசவில்லை. பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் முஸ்லிமுக்கும் மலையகத் தோட்டத்துச் சனத்துக்கும் வீட்டு அறை வாடகைக்கு விடாதவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒற்றுமை அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் போதும். நான் அந்த வரியைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத மறுத்தேன். வேறு யாரையோ பிடித்து எழுதுவித்தார்கள்.

திறப்பு விழாவுக்கு நான் போக விரும்பவில்லை. ஆனால் சரீனாவை மேடையில் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தார்கள், அவளுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அவளைத் தனியே விட முடியாது என்று போனேன். வாசலில் வாழை, குத்துவிளக்கு. உள்ளே பணம் தந்த நாட்டுத் தூதுவர், ஒரு சிங்களப் பிரதி அமைச்சர், கொழும்பின் பெரிய மனிதர்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு இடையில் சாப்பாட்டு மேசையைப் போட்டிருந்தார்கள். சனம் ரோல்ஸையும் கட்லட்டையும் தின்றுகொண்டே பெட்டிகளைப் பார்த்தது. செத்துப் போன ஒரு பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்து இருந்த கண்ணாடியில் எண்ணெய் விரல்கள் பதிந்திருந்தன. யாரோ அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்துக் கீழே வைத்தேன். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் வேறொரு கோப்பை.

சரீனா தன்னுடைய நல்ல சாறியில், முக்காடு போட்டு, வெட்கத்தோடு வந்தாள். மண்டபத்தின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், தலையில்லாத ஒரு பொம்மையின் உடம்பில் அவளுடைய சட்டையைப் போட்டிருந்தார்கள். அவள் கிட்டப் போனாள். நின்றாள். கையை நீட்டி இடது பக்கத் தோளைத் தொட்டாள்.

"இதை ஆர் முடிச்சது?" என்றாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். சட்டைக்கு இரண்டு கையும் இருந்தது. குண்டூசிகள் இல்லை. துருப் புள்ளிகளைக் கூட எதையோ போட்டு எடுத்திருந்தார்கள். நன்றாக இஸ்திரி போட்டு, கடையில் தொங்கும் புதுச் சட்டை மாதிரி நின்றது. தில்ருக்ஷி ஓடி வந்தாள். சிரித்த முகம். "அன்ரி, பாதியில இருந்தா பார்க்கிறவங்களுக்கு விளங்காது. பொம்மையில போட்டா ஊசி தெரியும். அதுதான் நல்ல டெய்லர் ஒருத்தரிட்டக் குடுத்து முடிச்சேன். அழகா இருக்கு இல்லையா? அவங்களுக்குச் சந்தோஷமா எண்டு கேளுங்க" என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். வேறென்ன செய்வது? ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். சரீனா கிட்டக் குனிந்தாள். சட்டைக்குக் கீழே இருந்த விளக்கத்தை விரல் வைத்து, எழுத்து எழுத்தாக வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மேடையில் அவளைக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ர பேர் சரீனா. நான் யாழ்ப்பாணம்" என்று தொடங்கினாள். "இவையள் எழுதியிருக்கினம், நான் இடம்பெயர்ந்து வந்தனானாம். நான் பெயரேல்லை. எங்களைப் பெயர்த்து எறிஞ்சவங்கள். துவக்கோட வந்த தமிழ்ப் பொடியள். என்ர வீட்டில சோறு வெந்துகொண்டிருந்தது. என்ர காதில கிடந்ததைக் கழட்டினவங்கள். அந்த டீச்சரும் மகளும் வாசல்ல நிண்டு அழுதவை, அதுவும் உண்மை. ஆனா அவையளால ஒண்டும் செய்யேலாமல் போட்டுது."

சிங்களத்தில் சொன்னேன். லோயர் ஐயா பின்னாலிருந்து என் காதருகே, "தங்கச்சி, சுருக்கிச் சொல்லும், நேரமில்லை" என்றார். நான் ஆங்கிலத்திலும் முழுதாகச் சொன்னேன். முப்பது வருஷம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். கொலைகாரன் சொன்னதையும் சுருக்கியதில்லை.

முன்வரிசைத் தமிழர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஆனால் பிரதி அமைச்சர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். நல்ல விருந்து கிடைத்தவரின் புன்னகை. சரீனா அதைக் கண்டுவிட்டாள்.

"அந்த ஐயா ஏன் சிரிக்கிறார் எண்டு கேளுங்கோ" என்றாள் என்னிடம். "புத்தளத்தில மழைத் தண்ணிக்குள்ள நாங்கள் கிடந்த நேரம் ஒரு நாளாவது வந்து பார்த்தவரா? தமிழ்ப் பொடியள் செய்ததெண்டு சொன்ன உடன இனிக்குதோ? இவருக்குச் சிரிக்க என்ர கதை நான் சொல்லேல்லை."

அமைச்சருக்குரிய மரியாதைச் சொல் ஒன்றையும் குறைக்காமல், அதையும் அப்படியே சிங்களத்தில் கேட்டேன். மகன், என் வாழ்நாளில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் எனக்குப் பிடித்தது அதுதான். அந்தப் புன்னகை அவர் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிடந்தது.

இறங்கியதும் சரீனா நேரே பொம்மையிடம் போனாள். "சட்டையைத் தாங்கோ. நான் கொண்டு போறன்."

லோயர் ஐயா வழியை மறித்தார். "சகோதரி, நீங்கள் மனமுவந்து தந்தது. கையெழுத்தும் இருக்குது. இப்ப இது எல்லாருக்கும் சொந்தம்."

"எல்லாருக்கும் எண்டா, எனக்கு இல்லையோ?"

அவர் திரும்பினார். காவலாளியைப் பார்த்துத் தலையசைத்தார். யாழ்ப்பாணத்தில் துவக்கு. வெள்ளவத்தையில் தலையசைப்பு. நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து காலி வீதியில் ஓட்டோ பிடித்தோம். மாளிகாவத்தையில் இறங்கும்போது அவள், "நீங்கள் சொன்னதைச் செய்தனீங்கள்தான். அவங்கள்தான் விடேல்லை" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் அசிங்கம். ஒரு சிங்களப் பத்திரிகை அவளுடைய பேச்சில் முதல் பாதியை மட்டும் போட்டது. அமைச்சரிடம் கேட்ட கேள்வி அதில் இல்லை. தமிழர் எப்படிப்பட்டவர்கள் என்று காட்ட அவள் காது போதும் அவர்களுக்கு. நம்முடைய ஆட்களோ நான் இனத்தை விற்றவள் என்றார்கள். தொலைபேசியை எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும், அல்லது தூஷணம். ஒரு கலியாண வீட்டில் நான் போய் இருந்ததும் பக்கத்துக் கதிரைகள் காலியாயின. முன்பு எரிந்த வீட்டுக்காரி என்று என் கையைப் பிடித்து அழுதவர்கள் அவர்கள். இதையெல்லாம் நான் உனக்கு அப்போது சொல்லவில்லை. பரீட்சை நேரம் உனக்கு. என்னை எண்ணி நீ கவலைப்படுவதைவிடப் படிப்பது மேல் என்று நினைத்தேன்.

பிறகு போர் திரும்பி வந்தது. வெளிநாட்டுக்காரர்களின் அக்கறை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நினைவு இல்லத்துக்கு வாடகை கட்ட ஆளில்லை. தில்ருக்ஷி படிக்க வெளிநாடு போனாள். வீட்டுச் சொந்தக்காரர் இடத்தை ஒரு ரியூஷன் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். பொருட்களெல்லாம் எங்கே என்று லோயர் ஐயாவிடம் கேட்டால், "பாதுகாப்பாக இருக்கு" என்றார். அமைச்சு ஆளைக் கேட்டால், அது தங்கள் பொறுப்பில்லை என்றார். ஏற்றிப் போன லொறிக்காரனைத் தேடிப் பிடித்துத்தான் கொழும்புக்கு வெளியே ஹெந்தளையில் ஒரு பழைய களஞ்சியத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்று அறிந்தேன்.

போன மாதம் சரீனாவும் நானும் அங்கே போனோம். வழியெல்லாம் சோதனைச் சாவடி. தமிழ்ப் பெயர் என்பதால் என் அடையாள அட்டையை அவர்கள் வைத்துக்கொண்டு இருக்க, அவளுடையதைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அவள் எனக்காகக் காத்து நிற்பாள். களஞ்சியக் காவலாளியிடம் என்ன சொல்வதென்று பஸ்ஸிலேயே சிங்களத்தில் கோத்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "எடுத்துக்கொண்டு போங்க அம்மா, நாறுது. எலி கூடுகட்டுது. இதுக்கு ஆள் வரும் எண்டு நான் நினைக்கவே இல்லை" என்று கதவைத் திறந்துவிட்டான்.

நாற்றம் முகத்தில் அடித்தது. பக்கத்துக் களப்பு பெருகித் தண்ணீர் உள்ளே வந்து வற்றிப் போன சேறு. அதற்குள் சனத்தின் சாமி படங்கள், குர்ஆன் வைக்கும் மரப் பலகை, பாடசாலைச் சான்றிதழ்கள், சப்பாத்துகள். எல்லாவற்றிலும் எலிப் புழுக்கை. விளக்க அட்டைகள் மட்டும் பளபளவென்று பிளாஸ்டிக் போட்டு, ஒரு எழுத்தும் அழியாமல் கிடந்தன. அந்தப் பொய்களுக்கு ஒரு பூஞ்சணம் பிடிக்கவில்லை. அப்பாவின் தட்டச்சுப் பொறி இல்லை. பழைய இரும்புக்காரன் கொண்டு போய்விட்டானாம். எனக்கு அழுகை வரவில்லை. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, எடுக்கக்கூடியவற்றை ஒரு பக்கம் சேர்த்தேன். உரியவர்களைத் தேடிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். சிலர் வாங்கினார்கள். ஒருவர் கதவைத் திறக்காமலே, "எறிஞ்சு போடுங்கோ" என்றார். அதுவும் அவருடைய உரிமை என்று அவர் சொன்னபடியே செய்தேன்.

இதனால்தான் சொல்கிறேன். நாளை நீ ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாய். அந்த வீட்டார் வங்காளத்திலோ பஞ்சாபிலோ எல்லை கீறியபோது ஓடி வந்தவர்களாக இருக்கலாம், நம்முடைய சனமாக இருக்கலாம். அவர்கள் ஒரு பூட்டையோ துணியையோ உன் கையில் வைத்தால், யார் உங்களைத் துரத்தியது என்று கேள். அவர்கள் சொல்லும் பெயர் உன்னுடைய சனத்தின் பெயராக இருந்தால் அதை முதலில் எழுது. அவர்களே வந்து அட்டையை வாசிக்கும்போது உன் முகத்தை அவர்கள் முன் காட்ட முடிய வேண்டும். திருப்பித் தா என்றால் திருப்பிக் கொடு. அதற்கு உன் மேலதிகாரி சம்மதிக்காவிட்டால் அந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார். உடைந்ததை ஒட்டாதே. கறையைக் கழுவாதே. அழகாக்குகிறேன் என்று வருகிறவர்களை, அழுதுகொண்டு வந்தாலும், கிட்டே விடாதே.

அந்தச் சட்டையை நாங்கள் கண்டுபிடித்தோம். பொம்மை ஒரு மூலையில் குப்புற விழுந்திருந்தது, சட்டை இன்னும் அதன் மேல்தான். முதுகில் ஈரக் கறை. ஆனால் எலி தொடவில்லை. சரீனா அதைக் கழற்றி உதறி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தாள். அந்தத் தையல்காரன் தைத்த இடது கையின் ஒவ்வொரு தையலையும் வெட்டினாள். துணிக்கு நோகாமல், நூலை இழுத்து இழுத்து எடுத்தாள். காவலாளியும் வந்து பக்கத்தில் நின்று பார்த்தான். கை தனியே வந்ததும், தன் முந்தானையில் குத்தியிருந்த குண்டூசிகளைக் கழற்றி, அதை முன்பு இருந்த மாதிரியே தோளோடு பொருத்தினாள். வெட்டி எடுத்த நூலைச் சுருட்டி அந்தச் சேற்றில் எறிந்தாள்.

பிறகு சட்டையை மடியில் விரித்து, கையால் தடவிப் பார்த்தாள்.

"இப்ப சரி" என்றாள். "நான் விட்ட இடத்தில நிக்குது."

அம்மா
கொட்டாஞ்சேனை